திரும்பும் கப்பலில் சுக்கான் கை மாறாது

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "மாட்டேன்" என்று ஒற்றைச் சொல்லோடு எழுந்து போன ஆளுநருக்கு அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்தது. தூங்காதவர்கள் மற்றவர்கள்தான்.

துறைமுகத்தில் சரக்குக் கொட்டகையின் கூரை சரிந்து மூன்று பேர் செத்துப்போனதும், கூரையை மாற்றாமல் மூட்டையைத் தொடமாட்டோம் என்று தொழிலாளர்கள் கப்பல் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டதும் போன வாரம் நடந்தவை. அவர்களை அடித்து விரட்டப் பட்டாளத்தை இறக்க வேண்டும் என்கிறது தலைநகரம். அதற்கு மாநில ஆளுநரின் கையெழுத்து வேண்டும். அவர் போடவில்லை. பட்டாளத்து லாரிகள் மலையடிவாரத்தில் காத்துக்கொண்டு நிற்கின்றன.

ஆளுநர் ஆயுசில் பெரும்பகுதியைக் கடற்படையில் கழித்தவர். அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தவர் இல்லை. கொதிகலன் அறையில் எண்ணெய் துடைக்கும் ஆளாகக் கப்பலேறி, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, படைத்தலைவர் நாற்காலி வரைக்கும் வந்தவர். அதிகாரிகள் சாப்பாட்டு அறையில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'கிரீஸ் துரை'. ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்தது. மறுநாள் தன்னுடைய தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரைச் சிவப்புப் பெயிண்ட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து குடித்தார். ஆளுநர் மாளிகையிலும் அவருக்கு அதே கோப்பைதான். அதன் கைப்பிடியில் லேசான விரிசல்.

காலையில் அந்தக் கோப்பையோடு அவர் ஜன்னலோரம் நின்றிருந்தபோது தம்பியின் கார் வாசலில் வந்து நின்றது.

"வக்கீல் வர்றார்" என்றாள் மனைவி. "கையில பெட்டி இல்ல. அப்படின்னா சொந்த விஷயமாத்தான் வர்றார். ஜாக்கிரதை."

மனைவி கடற்படைத் தையல் கூடத்தில் சீருடை தைத்தவள். வெந்நீராவியில் கருகிய சட்டைக் கையை ஒட்டுப்போடக் கொண்டுவந்த எண்ணெய்க்காரனிடம், "சட்டை பிழைச்சுக்கும், ஆளு பிழைக்குமா?" என்று கேட்டதிலிருந்து ஆரம்பித்த குடும்பம் இது.

தம்பி உட்காரவில்லை. வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணா, கையெழுத்துப் போடுங்கன்னு நான் சொல்ல வரல."

"பிழைச்சேன்."

"இறங்கிடுங்க. உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை. அடுத்து வர்றவர் போட்டுக்குவார். உங்க கை சுத்தமா இருக்கும்."

"என் உடம்புக்கு என்னடா?"

"ரத்தக் கொதிப்பு. உங்க வயசுல எல்லாருக்கும் இருக்கு."

"எனக்கு இல்லையே."

"இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டா வந்துடும்." தம்பி குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவோட கப்பல் இன்னும் முடிவாகலைன்னு தலைநகரத்துல சொல்றாங்க. நீங்க இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள இறங்கினா, அது அவளுக்கு. இல்லைன்னா அவளுக்குக் கரையில ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. ஆயுசு முழுக்க."

ஆளுநர் கோப்பையைக் கீழே வைத்தார். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அவர்களுக்கு ஒரே பெண். அவளும் கடற்படைதான். ஒரு ரோந்துக் கப்பலைத் தனியாக நடத்தும் பொறுப்பு அவளுக்கு அடுத்த வாரம் வரப்போகிறது. அதற்கு முன்னால் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நேற்றுத்தான் வந்திருந்தாள். அவளுக்காகத் தகப்பன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் பெண்ணே அவரை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பாள். சொந்தமாக நீந்திக் கரை தொடப்போகிறவளின் காலை, தன் பெயரைச் சொல்லியே யாரோ கீழே இழுக்கிறார்கள்.

"யோசிக்கறேன்" என்றார்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேதான் தப்பு நடந்தது. இந்தக் குடும்பத்து ஆட்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு. சட்டம் படிக்கப் போகிறேன் என்று தம்பி கேட்ட அன்றைக்கு அண்ணன் சொன்னது "யோசிக்கறேன்". தம்பி கல்யாணப் பேச்சு எடுத்தபோது சொன்னதும் அதுதான். அண்ணன் ஒருமுறை யோசிக்கிறேன் என்றுவிட்டால் காரியம் முடிந்தது என்பது தம்பியின் ஆயுள் அனுபவம். வாசலுக்குப் போய்க் காரில் ஏறுவதற்குள் தலைநகருக்குப் போன் போட்டு, "அண்ணா சரின்னுட்டார்" என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அண்ணனும் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்துகொண்டிருந்தார்.

"பழைய டிரங்குப் பெட்டியை எடுத்து வை" என்றார் மனைவியிடம்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை இழுத்துக் கூடத்தின் நட்டநடுவில், யார் உள்ளே வந்தாலும் காலில் இடிக்கும்படி போட்டுவிட்டுப் போனாள்.

ஓடிவிட்டு வியர்வையோடு வந்த மகளின் முழங்காலில்தான் அது முதலில் இடித்தது.

"அம்மா! யாரும்மா இதை இங்க போட்டது?"

"உங்கப்பா ஊருக்குப் போறார். கேட்டுப் பாரு."

மகள் கேட்டாள். தகப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதற்கான முகவாகு அவருக்கு இல்லை. ரத்தக் கொதிப்பு என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் கப்பலில் வந்து நின்றார்.

மகள் டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள்.

"ஆக, எனக்குக் கப்பல் வாங்கித் தர்றீங்க."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? அந்த மேடையில உக்காந்திருக்கறவங்க தலையைக் கொடுத்து எனக்கு ஒரு கப்பல். அதுல ஏறி நின்னு நான் யாருக்கு என்ன உத்தரவு போடுவேன்? முதல்ல என் மாலுமிங்க என்னை மதிப்பாங்களா?"

"நீ கஷ்டப்பட்டு வந்த பிள்ளை. என்னால உனக்குக் கெடுதல் வரக்கூடாது. அவ்வளவுதான்."

"எனக்குச் சைக்கிள் கத்துக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கப்பலைத் திருப்பும் சுக்கானைப் பிடித்திருப்பவன் அடுத்த ஆளிடம் அதைக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவனும் "ஏற்றேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை முதல் ஆள் கையை எடுக்கக்கூடாது. அதைக் கொண்டுவந்து அவர் குடித்தனத்திலும் போட்டார். அடுப்பில் பால் இருந்தால், "பாலைக் கொடுக்கறேன்" என்பாள் மனைவி. "ஏத்துக்கிட்டேன்" என்று இவர் சொன்ன பிறகுதான் அவள் சமையலறையை விட்டு நகர்வாள். கைக்குழந்தை கைமாறியதும் அப்படித்தான். அக்கம்பக்கத்தார் இவர்களை அரைப் பைத்தியம் என்றார்கள். ஆனால் அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்ததில்லை.

"சைக்கிள்ல பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தீங்க" என்றாள் மகள். "நான், விடுங்கப்பா, ஏத்துக்கிட்டேன், ஏத்துக்கிட்டேன்னு கத்தறேன். நீங்க விடல. ஏன் விடலைன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கப்பா."

"வளைவுல விடக்கூடாதுன்னேன்."

"முழுசாச் சொல்லுங்க."

"கப்பல் திரும்பிக்கிட்டிருக்கும்போது சுக்கான் கை மாறக்கூடாது. வாங்குறவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் மாறக்கூடாது. திருப்பம் முடிஞ்சு நேரா நின்ன பிறகுதான்."

"இப்ப உங்க கப்பல் நேரா நிக்குதா?"

சமையலறை வாசலில் நின்ற மனைவி கரண்டியால் கதவில் ஒரு தட்டுத் தட்டினாள். நீதிமன்றத்தில் தட்டுவது மாதிரி. "பதில் சொல்லுங்க. பிள்ளை கேக்குதுல்ல."

அவர் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் கீழே துறைமுகத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கோஷம் இல்லை. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கோஷம் சட்டென்று நின்றுபோய், கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சை இழுத்தது போன்ற ஓசை. அதன் பின்னாலேயே மலையடிவாரத்து லாரிகள் ஒவ்வொன்றாக எஞ்சினைக் கிளப்பும் உறுமல்.

செயலாளர் ஓடி வந்தார். "ஐயா, டி.வி.யில நீங்க உடல்நலக் குறைவால விலகிட்டதாச் சொல்றாங்க. கொடியை வேற இறக்கிட்டாங்க..."

ஆளுநர் ஊரில் இருந்தால் மலைமேல் இருக்கும் மாளிகை உச்சியில் அவர் கொடி பறக்கும். மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அது மேலே இருக்கிறவரைக்கும் பட்டாளம் கீழே இறங்காது.

மூவரும் மாடிப்படியில் ஏறினார்கள். மொட்டை மாடியில் கொடிக்காரர் கம்பத்தடியில் உட்கார்ந்து கொடியை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"டி.வி.யில சொன்னாங்கய்யா. முறைப்படி இறக்கணுமேன்னு இறக்கினேன். கை நடுங்கிடுச்சு. கொக்கியில மாட்டிக் கிழிஞ்சும் போச்சு. கயிறு வேற மேல உருளையை விட்டு நழுவிடுச்சு."

"மாத்துக் கொடி எங்க?" என்று கேட்டாள் மகள்.

"சலவைக்குப் போயிருக்கும்மா."

"வாழ்க" என்றாள் மனைவி. கிழிந்த கொடியை அவர் மடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், போர்வை மூடிக் கிடந்தது அவளுடைய தையல் மெஷின். மாளிகைக்கு வந்த முதல் நாளே, "ஆளுநரோட மனைவி மெஷின் மிதிக்கிறது பார்க்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா" என்று செயலாளர் நாசூக்காகச் சொல்லி உள்ளே தள்ளியது. இன்றைக்கு அதே செயலாளரைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் பிடிங்க சார்" என்றாள். அவரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிடித்தார். கூடத்து நடுவில், டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் மெஷின் இறங்கியது. ஒரு சொட்டு எண்ணெய். மிதியில் கால் வைத்ததும் இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்தது கடகடவென்று பேச ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி திரும்பி வந்தார். டிரங்குப் பெட்டி அவர் காலிலும் இடித்தது.

"அண்ணி! என்ன பண்றீங்க? வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. அண்ணா விலகிட்டார்."

"யார் சொன்னது?"

"அவர்தான் யோசிக்கறேன்னு..."

"யோசிச்சார். வேணாம்னு முடிவு பண்ணிட்டார்." கத்தரியால் நூலை வெட்டினாள். "தம்பி, ஆயுசுல முதல் தடவையா உங்கண்ணன் யோசிக்கறேன்னு சொல்லிட்டு நிஜமாவே யோசிச்சுட்டார். உங்களுக்கு நேரம் சரியில்ல."

மாடியில் வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கயிற்றை உருளையில் மாட்டக் கம்பத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். கம்பத்தோடு சேர்த்து வைத்த இரும்புப் படிகள் துருவேறிக் கிடந்தன. நான் ஏறுகிறேன் என்றாள் மகள். நான் என்றான் காவலாளி. கொடிக்காரர் தன் முழங்காலைக் காட்டி மன்னிப்புக் கேட்டார்.

ஆளுநர் யாருக்கும் பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றினார். வேட்டி கட்டியவன் மடித்துக் கட்டுவது போலக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டினார்.

"அப்பா, வேணாம். துருப்பிடிச்ச படி."

"ராத்திரியும் பகலும் தெரியாம கொதிகலன் அறைக்கு ஏறி இறங்கினவன்டி நான். இரும்புப் படிக்கு என் காலைத் தெரியும்."

"வயசும் தெரியணும்ல."

"என் உடம்பு சரியில்லைன்னு டி.வி.யில சொல்லிட்டாங்க. மறுப்பு அறிக்கை எழுதணும். நான் இப்படித்தான் எழுதுவேன்."

ஏறினார். வாசலில் நின்ற பத்திரிகைக்காரர்களில் ஒருவர் முதலில் பார்த்தார். அப்புறம் அத்தனை கேமராவும் வானத்தைப் பார்த்தன. கீழே கப்பல் மேடையில் ஒருவன் எழுந்து நின்று கைகாட்டினான். பக்கத்திலிருந்தவன் எழுந்தான். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தினால் அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம்.

பாதியில் ஒருமுறை நின்றார். கம்பத்தில் நெற்றியைச் சாய்த்தார். மேடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கொடியோடு மாடிக்கு வந்துவிட்ட மனைவி அண்ணாந்து பார்த்து, "என்னங்க, அங்க என்ன வேடிக்கை? இறங்கி வந்து சாப்பிடற நேரம்!" என்று அதட்டினாள். குரல் என்னவோ அதட்டல்தான். கையிலிருந்த கொடியைக் கசக்கிக்கொண்டிருந்ததை மகள் மட்டும் பார்த்தாள்.

அவர் சிரித்தார். அது கீழேவரை கேட்டது. மேலே போனார். கயிறு உருளையில் விழுந்தது.

இறங்கி வந்து, கயிற்றில் கொடியை மாட்டி, கொடிக்காரர் கையில் கயிற்றைக் கொடுத்தார். "உங்க வேலை. ஏத்துங்க."

"ஏத்துக்கிட்டேன்யா" என்றார் கொடிக்காரர், அந்த வீட்டுப் பாஷையிலேயே.

கொடி ஏறியது. நடுவில் தையல் ஓடிய கொடி. கொடியின் நிறத்துக்கு நூல் கிடைக்காததால் வெள்ளை நூலில் போட்ட ஒட்டு தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்போதுதான் மேடை வாயைத் திறந்தது. அந்த முழக்கத்தில் லாரிகளின் உறுமல் எங்கே போனது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு எஞ்சினாக அடங்கியது.

தம்பி மாடிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, இது கப்பல் இல்ல. அரசாங்கம். உங்களைக் கிள்ளி எறிஞ்சுடுவாங்க."

"எறியட்டும். அவங்களா எறியட்டும். நானா இறங்கிப் போய் அவங்க வேலையைச் சுலபமாக்க மாட்டேன்." துருவும் ரத்தமுமாக இருந்த உள்ளங்கையைத் தம்பியின் முன் விரித்துக் காட்டினார். "பார். கை சுத்தமா இருக்கும்னு சொன்னியே. எண்ணெய்க்காரன் கை எப்பவாவது சுத்தமா இருந்திருக்காடா?"

இந்தக் கை அழுக்கானதில்தான் தன் கறுப்புக் கோட்டு வந்தது என்பது தம்பிக்குத் தெரியும். கைக்குட்டையை எடுத்து அண்ணன் கையில் கட்டினார். கட்டு சரியாக விழவில்லை. அண்ணி வந்து தட்டிவிட்டுத் தானே கட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் கூடத்துத் தொலைபேசி அடித்தது. எல்லோரும் ஆளுநரைப் பார்த்தார்கள். பதவி போய்விட்ட செய்தியாகத்தான் இருக்கும். அவர் மூச்சை இழுத்துவிட்டு எடுத்தார். கேட்டார். முகம் மாறியது.

"உனக்குத்தான்" என்று மகளிடம் நீட்டினார். "படைத் தலைமையகம்."

மகள் நின்றபடியே கேட்டாள். "ஆமாம் ஐயா" என்றாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு பேசும் முனையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கப்பலைக் கொடுக்கறாங்க. அடுத்த வாரம் இல்ல. இப்பவே. விடியறதுக்குள்ள நம்ம துறைமுக வாயில நிக்கணும். எதுவும் உள்ள வரக்கூடாது, எதுவும் வெளிய போகக்கூடாது. மேடையை நிலத்துப் பக்கமா பட்டாளமும் கடல் பக்கமா நானும் அடைக்கணும்."

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மாடி, சத்தியமா இதுல எனக்குப் பங்கு இல்ல."

"தெரியும் சித்தப்பா. இது உங்களைவிடப் பெரிய மூளை."

தகப்பன் வாயைத் திறந்தார். மனைவி அவர் கட்டுப்போட்ட கையை லேசாக அமுக்கினாள். வலியில் வாய் மூடிக்கொண்டது.

"அவ சுக்கான்" என்றாள் மெதுவாக.

மகள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கிழக்கு ஓரமாக, இடிந்த கூரைக்குப் பக்கத்தில் யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேசும் முனையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏற்றேன், ஐயா" என்று தெளிவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

தகப்பன்தான் கேட்டார். "ஏன்?"

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் வருவான். அவனுக்கு அந்த மேடையில இருக்கறவங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்." தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க மேல நில்லுங்க. நான் துறைமுக வாசல்ல நிக்கறேன். அந்தக் கப்பல் எந்தப் பக்கமாத் திரும்பணும்னு இனிமே நான் சொல்லணும். விடியும்போது எனக்குக் கொடி தெரியணும்."

"தெரியும்."

அவர் ஜன்னலோரம் போய் விரிசல் விட்ட கோப்பையை எடுத்தார். சட்டை நுனியாலேயே துடைத்தார். நீட்டினார்.

"கிரீஸ் துரையைக் கொடுக்கறேன்."

"ஏத்துக்கிட்டேன்பா."

சொல்லி முடித்த பிறகும் அவர் உடனே கையை எடுக்கவில்லை. அவளும் இழுக்கவில்லை. டிரங்குப் பெட்டியை இப்போது அவள் சுற்றிக்கொண்டு போகவில்லை. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

அவளை ஏற்றிப் போன காரின் சத்தம் மலைச்சரிவில் தேய்ந்தது. மனைவி மெஷினுக்குப் போர்வை போட்டு மூட வந்தவள், என்ன நினைத்தாளோ, மூடாமல் அப்படியே விட்டாள்.

அப்போதுதான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். அதை மகளிடம் கேட்டிருக்க வேண்டும் என்று மூவருக்கும் தோன்றியது, ஆனால் கார் போய்விட்டிருந்தது.

"அண்ணா, விடிஞ்சதும் அந்தக் கப்பலோட பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்?"